இல்லாத பெண்ணுக்கு விட்டுக்கொடுத்த கட்டில்

விடுதிக் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

இருபத்து மூன்று வயதில் ஓய்வு பெறுகிறவனின் அனுபவ உரை இது. சிரிக்காதீர்கள். நம் கல்லூரியில் படிப்பு முடிந்தால் பதவியும் முடியும். மாணவர் குடியிருப்புப் பிரதிநிதி என்ற பட்டத்தையும், அந்தப் பட்டம் எழுதிய அட்டையையும், அறைச் சாவிகள் தொங்கும் பலகையின் பொறுப்பையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு மெர்கோங்கில் இருக்கும் என் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்புகிறேன். விடைபெறும் முன், இந்தப் பணியில் நான் கற்றது என்ன என்று எழுதித் தருமாறு வார்டன் அம்மா கேட்டுக்கொண்டார். 'சுருக்கமாக' என்று மூன்று முறை சொன்னார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

உங்களில் சிலருக்கும் என்னைத் தெரிந்திருக்கும். சொற்போர் அணியின் தலைவனாக இருந்தவன் நான். மேடை ஏறினால் மூச்சு விடும் இடங்களைக்கூட முன்கூட்டியே குறித்து வைத்திருப்பேன். இந்தப் பொறுப்புக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டதே ஓர் உரையால்தான். விடுதி என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல, அது இரண்டாம் கருவறை என்று முழங்கினேன். கைதட்டினார்கள். பதவி ஏற்ற முதல் வாரத்தில் ஒரு மாணவன் வந்து அறை மின்விசிறி சுழலவில்லை என்றான். நிர்வாகத்தின் கடமையையும் மாணவனின் உரிமையையும் பற்றி அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். நான் முடிவுரைக்கு வருவதற்குள் அவன் போய் நாற்காலி மீது ஏறி அதைச் சரிசெய்துவிட்டான். அன்றே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. யமுனா வரும்வரை கற்கவில்லை.

யமுனாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவள் பெயரை எழுத அவளிடமே அனுமதி பெற்றிருக்கிறேன். "எழுதுங்கண்ணே, ஆனா உள்ளத மட்டும் எழுதுங்க" என்றாள். அந்த 'மட்டும்' ஏன் என்பது போகப் போக உங்களுக்குப் புரியும்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை லாலாங் பக்கம் ரப்பர் மரங்களுக்கும் செம்பனை மரங்களுக்கும் நடுவே இருக்கும் நம் கல்லூரியில் தங்கிப் படிக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வளாகத்துக்குள் இருக்கும் விடுதி. இரண்டு, சாலைக்கு எதிரே உள்ள தாமான் என்ற குடியிருப்புப் பகுதியில் கல்லூரி வாடகைக்கு எடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கும் வீடுகள். மூன்று, அவரவர் வீட்டிலிருந்து தினமும் வந்து போவது. பொறுப்பேற்ற அன்றே வார்டன் அம்மா சொன்னார்: யார் வந்து கேட்டாலும் மூன்றையும் சொல், பிறகு அவர்களைப் பேசவிடு. இரண்டும் எளிய கட்டளைகள். இரண்டையும் மீறினேன்.

யமுனா தாதியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு மாணவி. வீடு சிடாம் கிரியில். தூரத்து மாணவர்களுக்கே விடுதியில் முன்னுரிமை என்பதால் அவள் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. மேல்முறையீடு செய்தால் கல்லூரி முதல்வர் முன்னிலையில் நேரில் பேச வேண்டும். அவள் நிலை இதுதான்: மருத்துவமனைப் பயிற்சிக்கான வேன் பொழுது விடிவதற்கு முன்பே நம் வாயிலிலிருந்து புறப்பட்டுவிடும். அந்த நேரத்துக்குச் சிடாம் கிரியிலிருந்து பஸ் இல்லை. அதுவரை அவளுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிறை நகரில் தொழிற்சாலை வேலை கிடைத்து, அங்கேயே தங்கப் போகிறான். இனி அவளைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை. வேனைத் தவறவிட்டால் பயிற்சி போகும். பயிற்சி போனால் படிப்பு போகும்.

மேல்முறையீட்டுக்கு உதவி கேட்டு என்னிடம் வந்த அவள் இதை நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தாள். நான்கு வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முதல்வரைச் சந்திக்க முடியும் என்று நான் பதறினேன். அவளை ஆயத்தப்படுத்துவது என் கடமை என்று முடிவு செய்தேன்.

சொற்போர் அணியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முன் அணித் தலைவன் எதிரணியாக மாறி, தன் அணியினரைத் தாக்குவான். ஈவிரக்கம் காட்டக் கூடாது. அடி வாங்கியவன்தான் அரங்கில் நிற்பான் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த வழக்கத்தை யமுனாவிடம் கையாண்டேன். சொற்போர் என்றால் தலைப்புக்கு இரண்டு பக்கம்தான் இருக்க முடியும். ஆகவே 'விடுதியா, வீடா' என்று தலைப்பு வைத்தேன். தாமான் வீடுகளை விட்டுவிட்டேன். மூன்றாவது பக்கம் ஒன்று நுழைந்தால் வாதம் அழகு குலைந்துவிடும்.

உணவுக்கூடத்தின் ஓரத்தில் அவளை உட்கார வைத்து, நான் எழுந்து நின்றுகொண்டேன். இனி நான் நிர்வாகத்தின் பக்கம், மறுத்துப் பேசு என்றேன். அவள் தலையாட்டினாள். தலையாட்டியதைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர் ஒருவர் எப்போதும் சொல்வார்: வாதத்துக்கு ஒரு முகம் கொடு, அப்போதுதான் அது கேட்பவர் நெஞ்சில் நிற்கும். கொடுத்தேன். பாலிங்கில் ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். பெயர் செல்வராணி. தாயில்லாப் பெண். தகப்பன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை வீட்டுச் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துப் படிக்கிறாள். காத்திருப்போர் வரிசையில் உனக்கு அடுத்து நிற்பவள் அவள்தான். உனக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. தட்டு எடுத்து வைக்கத் தாய் இருக்கிறாள். வீடு இருக்கும் நீ, வீடற்றவளின் கட்டிலில் படுத்து உறங்குவாயா?

கடைசி வாக்கியத்தில் குரலைத் தாழ்த்தினேன். அது என் தனிச்சிறப்பு. யமுனாவின் கண்கள் நிறைந்தன. ஒரு நல்ல பேச்சாளன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் செல்வராணிக்குக் கிழிந்த புத்தகப் பை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். யமுனா மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. பேச்சின் வலிமையில் திகைத்துவிட்டாள், பிறகு தானாகப் பயிற்சி செய்துகொள்வாள் என்று எண்ணிக்கொண்டு போய் மீ கோரெங் சாப்பிட்டேன்.

மேல்முறையீட்டு நாள் காலையில் கைப்பேசியில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணே, நீங்க சொன்னத அம்மாகிட்டயும் சொன்னேன். நியாயம்தான். எனக்கு ரூம் வேணாம். அந்த அக்காவுக்கே கொடுத்துடுங்க. படிப்ப நிறுத்திக்கிறேன். இன்னிக்கு வரல. நன்றிண்ணே."

அதைப் படித்ததும் என் நெஞ்சில் முதலில் எழுந்தது கவலையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வென்றுவிட்டேன் என்ற களிப்பு. பல் துலக்கி முடிக்கும்வரை அது நீடித்தது. வாய் கொப்பளிக்கும்போதுதான், இந்த வெற்றியின் பரிசாக ஒரு பெண் படிப்பை விட்டிருக்கிறாள் என்பது உறைத்தது.

அழைத்தேன், எடுக்கவில்லை. வார்டன் அம்மாவிடம் ஓடினேன். நடந்ததைச் சொல்லி, கூட்டத்தை வேறொரு நாளுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சாவிப் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ அவளுக்காகப் பேசணும்னுதானே உன்ன கமிட்டில போட்டோம். நீ ஏன் எங்களுக்காகப் பேசின? எங்களுக்குப் பேசத் தெரியாதா?"

பயிற்சி என்றேன். எதிரணி என்றேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல்வர் மாலையில் கோலாலம்பூர் போகிறார். வராதவர் பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். "இங்க நின்னு என்கிட்ட பேசிக்கிட்டு இருக்கறதுக்கு, அங்க போய்ப் பாரு."

அப்பா எனக்குக் கொடுத்திருந்த பழைய காடியை ஓட்டிக்கொண்டு சிடாம் கிரிக்கு விரைந்தேன். வழி நெடுக ஒரு மறுப்புரையை உருவாக்கினேன். என் வாதங்களை நானே ஒவ்வொன்றாக உடைத்தேன். அருமையாக உடைந்தன. வாசலில் காடியை நிறுத்தும்போது, வாழ்க்கையிலேயே சிறந்த உரை என் நாக்கு நுனியில் இருந்தது.

கதவைத் திறந்தவர் யமுனாவின் தாயார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்; அன்று அவருக்கு மாலை வேலை. நான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா தம்பி அது? வாங்க, உள்ள வாங்க. பொண்ணு சொன்னுச்சு, நல்லா மனசுல படற மாதிரி எடுத்துச் சொன்னீங்களாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு மைலோ கிடைத்தது. யமுனா உள்ளறை வாசலில் நின்றாள். வெள்ளைச் சீருடைகளை இஸ்திரி போட்டு மடித்து மேசை மேல் அடுக்கி வைத்திருந்தாள். கீழ் வகுப்புப் பெண் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். மைலோக் குவளையைக் கீழே வைத்தேன்.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, அன்று நான் சொன்னவை எல்லாம் எதிரணியின் வாதங்கள்."

"எதிரணின்னா யாரு தம்பி? காலேஜா?"

"இல்லைம்மா. நான்தான்."

"அப்ப எங்க பக்கம் பேசறது யாரு?"

"அதுவும் நான்தான்."

 அந்த அம்மா, இதையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் எழுந்து உள்ளே போய், ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். உள்ளே பூப்போட்ட புதுப் போர்வை, தலையணை உறை, ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கு.

"இத அந்தச் செல்வராணி பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க. சமையக்கட்டுல படுத்த புள்ள, ஒரு போர்வைகூட இருந்திருக்காது. தீபாவளிக்கு ஒத்தையா இருக்க வேணாம், இங்க வரச் சொல்லுங்க."

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் எடுக்கும் முடிவு என்று பலரும் பேசுவார்கள். என் நெருக்கடி ஒரு பூப்போட்ட போர்வை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் என் பயிற்சி பெற்ற மூளை என்ன செய்தது தெரியுமா? செல்வராணிக்கு வழி தேடியது. சிங்கப்பூரிலிருந்து அவள் தந்தை மனம் திருந்தி வந்து அழைத்துப் போய்விட்டதாகச் சொல்லிவிடலாம். கட்டில் காலி, யமுனா வரலாம், இந்த அம்மாவுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மானம் போகாது. குற்றமே சொல்ல முடியாத முடிவு. வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைக் காணவில்லையே என்று இந்த அம்மா கேட்பார். நான் சிங்கப்பூரில் அவளுக்குக் கல்லூரி தேட வேண்டியிருக்கும்.

"அம்மா, செல்வராணி என்று யாரும் இல்லை" என்றேன். தூய தமிழில்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"இல்லன்னா? செத்துப் போச்சா?"

"இல்லைம்மா. பிறக்கவே இல்லை. பேச்சுக்காக நான் உண்டாக்கியது."

"அப்ப அவ அம்மா செத்தது?"

"நானே சாகடித்தேன்."

"சிங்கப்பூர்ல இருக்கற அப்பன்?"

தலை குனிந்தேன். அந்த அம்மா தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்த ஆள பேக்டரில போயில்ல திட்டிக்கிட்டு இருந்தேன். எங்க லைன்ல உள்ள எல்லாரும் சேர்ந்து திட்டினோம்."

யமுனா சிரிக்கவில்லை. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு எனக்கு ரூம் கிடைக்கணும்னு நெனச்சீங்களா, கிடைக்கக் கூடாதுன்னு நெனச்சீங்களா?"

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ நடுவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். நாணயம் சுண்டி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பேசுகிறவனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. உண்மையான விடை, நான் அறையைப் பற்றியே நினைக்கவில்லை என்பதுதான். அவள் என்னை எப்படி மறுத்துப் பேசுவாள் என்று மட்டும் நினைத்தேன். அதை அப்படியே சொன்னேன். வழியில் தயாரித்த உரை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் அடுக்கி வைத்த சீருடைகளை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு, "கூட்டத்துக்கு வரேன். ஆனா அங்க நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

தாயாரும் கூடவே வந்தார். அவர் முன்னிருக்கையிலும், யமுனா பின்னிருக்கையிலும். சுங்கைப் பட்டாணியில் சாலை நெரிசல். முதல்வர் எப்படிக் கேட்டால் எப்படி விடை சொல்ல வேண்டும் என்று லேசாகத் தொடங்கினேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. பார்த்து ஓட்டினேன்.

கூட்டத்தில் முதல்வர், வார்டன் அம்மா, யமுனா, சுவரோரம் நான்; தாயார் வெளியே. வீடு சிடாம் கிரியில்தானே, பக்கம்தானே என்று முதல்வர் கேட்டார். யமுனா, பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டாள். எதிரணியின் கருத்தை இப்படி முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்வதா என்று என் கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. அவள் வேனைப் பற்றிச் சொன்னாள்; பஸ் இல்லாததைச் சொன்னாள்; அண்ணன் பிறைக்குப் போவதைச் சொன்னாள். முன்னுரை இல்லை, உவமை இல்லை, முடிவுரை இல்லை. என்னிடம் சொன்ன அதே நான்கு வாக்கியங்கள்.

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிலைமை புரிகிறது, ஆனால் பெண்கள் விடுதியில் இருப்பது ஒரே ஒரு கட்டில், அதற்கு இன்னொரு மாணவியும் மேல்முறையீடு செய்திருக்கிறாள், சீக் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள், முதலாண்டு, வீடு வெகு தூரம் என்றார்.

யமுனா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணே, இது உண்மையான ஆளா, இல்ல உங்க ஆளா?"

மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் சிறிய அறை. நான் உண்மையான ஆள்தான் என்று தலையை ஆட்டினேன். அவள் முதல்வர் பக்கம் திரும்பினாள்.  இல்லாத பெண்ணுக்கே கட்டிலை விட்டுக்கொடுத்தவள், இருக்கிற பெண்ணைக் கேள்விப்பட்டால் எழுந்து போய்விடுவாளே.

அவள் எழுந்து போகவில்லை.

"சார், எனக்கு ஹாஸ்டல்தான் வேணும்னு இல்ல. வேன் கெளம்பறப்ப நான் கேட்ல நிக்கணும். அவ்வளவுதான். அதுக்குக் கிட்ட எங்க இடம் கொடுத்தாலும் சரி."

வார்டன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாமான் வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கே. கேட்டுக்கு நேர் எதிர்ல. சீக் பொண்ணு புதுசு, அத வெளிய போட முடியாது. நீ ரெண்டாம் வருஷம், உனக்குக் கொடுக்கலாம். உனக்கு அது வேணாம்னுல நெனச்சேன்."

"என்ன தாமான் வீடு?" என்றாள் யமுனா.

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்த நொடியில் எனக்கு எவ்வளவு பெரிய அரணாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்துக்குப் புறப்பட்டார். மேல்முறையீடே தேவைப்பட்டிருக்காத ஒரு விவகாரம் முடிந்தது. அவள் முதல் நாள் என்னிடம் வந்தபோதே, "உனக்கு எதற்காக இடம் வேண்டும்?" என்று கேட்டிருந்தால் சாலையைக் கடந்து போய்ச் சாவியைக் கொடுத்திருக்கலாம். உங்களிடம் வருகிறவர்கள் 'விடுதி வேண்டும்' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் உண்மையில் கேட்பது வேனாக இருக்கும், தூக்கமாக இருக்கும், சிலருக்கு அழுவதற்கு ஒரு கதவாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும்வரை எந்தப் பக்கமும் எடுக்காதீர்கள். நான் இரண்டு பக்கமும் எடுத்தவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யமுனா குடிவந்தாள். தாமான் வீட்டின் மாடி அறையில் கல்லூரிக் கட்டில் இல்லை. அவள் அண்ணன் பிறைக்குப் போகும் முன் வீட்டிலிருந்த இரும்புக் கட்டிலைச் சிறு லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். தாயாரும் வந்திருந்தார். இந்த நேரத்தில் முறையாக மன்னிப்புக் கேட்பது பண்பு என்று எண்ணி, அளவான உரை ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "அம்மா, இந்தத் தருணத்தில்" என்று தொடங்கினேன்.

அந்த அம்மா மாடிப்படியின் பாதியில், கட்டிலின் ஒரு பக்கத்தைத் தாங்கியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"தருணம் இருக்கட்டும் தம்பி. அந்தக் கால் பக்கம் வந்து பிடிங்க."

போய்ப் பிடித்தேன். கனமான கட்டில். திருப்பத்தில் சுவரில் இடித்து என் விரலை நசுக்கியது. மாடிக்குப் போய்ச் சேரும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச மூச்சும் இல்லை.